பாவித்த திங்க்பேட் எக்ஸ்230: இடது பக்கத்துச் சின்ன சுவிட்சை முதலில் பாருங்கள்

மட்டக்களப்பு, காத்தான்குடி, கல்முனை பக்கம் பாவித்த லப்டொப் தேடி இறங்கினால் லெனோவோ திங்க்பேட் எக்ஸ்230 எங்கேயாவது ஒரு கடையில் கண்ணில் படும். 2012இல் வெளிவந்த மெசின் இது. வெளிநாட்டு அலுவலகங்கள் பாவித்துக் கழித்தவை மொத்தமாக வந்து, துடைத்து, விண்டோஸ் போட்டு விற்கப்படுகின்றன. தட்டச்சு, எக்செல் கணக்கு, வந்தாறுமூலையிலும் ஒலுவிலிலும் படிக்கிற பிள்ளைகளின் பாட வேலை, ஸூம் வகுப்பு, இணையத்தில் படிவம் நிரப்புவது என்ற அளவுக்கு இன்றைக்கும் தாராளமாகப் போதும். வீடியோ எடிட்டிங்குக்கும் புதிய கேம்களுக்கும் இதை வாங்க வேண்டாம்.

இந்த விமர்சனத்தின் பெரும்பகுதி ஒரே ஒரு சின்னப் பாகத்தைப் பற்றியது. மெசினின் இடது விளிம்பில், எக்ஸ்பிரஸ்கார்ட் என்ற பழைய வகைக் கார்ட் செருகும் துளைக்குப் பக்கத்தில், நகர்த்தும் சுவிட்ச் ஒன்று இருக்கிறது. ஒரு பக்கம் தள்ளினால் வைஃபையும் புளூடூத்தும், உள்ளே சிம் போடும் மொடெம் இருந்தால் அதுவும், ஒரே தடவையில் நிற்கும். மறுபக்கம் தள்ளினால் திரும்ப வரும். புதிய லப்டொப்களில் இது இல்லாததால் இப்படி ஒன்று இருப்பதே பலருக்குத் தெரியாது. வாங்குகிறவருக்கும் தெரியாது, சில வேளை விற்கிறவருக்கும் தெரியாது. வைஃபை வரவில்லை என்று கடைக்குக் கொண்டுபோனால் விண்டோஸைத் திரும்பப் போட்டுத் தருகிறோம் என்று சொல்வார்கள். அதற்குச் சம்மதிக்கும் முன் இந்தச் சுவிட்சைப் பாருங்கள். பையில் வைத்து பஸ்ஸில் கொண்டுபோகும்போது கொப்பியின் விளிம்பு தட்டினாலே அது நகர்ந்துவிடும். விண்டோஸை எத்தனை தடவை போட்டாலும் நகர்ந்தது நகர்ந்தபடியேதான் இருக்கும்.

ஏன் இப்படி ஒரு சுவிட்ச் வைத்தார்கள்

2003 மார்ச்சில் இன்டெல் நிறுவனம் சென்ட்ரினோ என்ற பெயரில் புரொசெசர், சிப்செட், வைஃபை கார்ட் மூன்றையும் ஒன்றாகச் சேர்த்து விற்கத் தொடங்கியது. அதுவரை வைஃபை வேண்டுமென்றால் பெரும்பாலும் பக்கத்துத் துளையில் ஒரு கார்டைச் செருக வேண்டும். வேண்டாத நேரம் இழுத்து எடுத்துவிடலாம். சென்ட்ரினோவுக்குப் பிறகு ரேடியோ மெசினுக்குள்ளேயே போய் உட்கார்ந்துகொண்டது. இழுத்து எடுக்க வழியில்லை.

முதலில் இடித்தது விமானப் பயணம். பறக்கும்போது லப்டொப் பாவிக்கலாம், ஆனால் ரேடியோ அலை அனுப்பும் எதையும் ஓன் பண்ணக் கூடாது என்பது அக்கால விதி. விண்டோஸ் எக்ஸ்பியில் இன்றுள்ள விமான முறை பட்டன் கிடையாது. வைஃபையை மென்பொருளால் நிறுத்துவதென்றால் முதலில் மெசினை ஓன் பண்ணி விண்டோஸ் ஏறும்வரை இருக்க வேண்டும். அதற்குள் கார்ட் வேலையைத் தொடங்கிவிடும். விளிம்பில் சுவிட்ச் இருந்தால் மூடியைத் திறக்காமலே நிறுத்தி வைக்கலாம். விமானப் பணியாளர் வந்து கேட்டால் விரலால் காட்டலாம்.

அடுத்தது, மொத்தமாக வாங்கும் நிறுவனங்களின் தேவை. பாதுகாப்புத் துறை அலுவலகம், மருத்துவக் கருவிகள் உள்ள அறை, ரகசிய ஆவணங்கள் உள்ள இடம் போன்றவற்றில் “வைஃபை ஓஃப்” என்று திரை சொல்வதை மட்டும் நம்ப மாட்டார்கள். கண்ணால் பார்த்து உறுதிப்படுத்தக்கூடிய ஒன்று வேண்டும். திங்க்பேட், டெல் லெட்டிடியூட், எச்பி எலிட்புக் எல்லாம் இப்படியான வாடிக்கையாளர்களுக்காகச் செய்யப்பட்டவை. மூன்றாவது காரணம் பற்றரி. அந்தக் கால வைஃபை கார்டுகள் மின்சாரத்தை நன்றாகவே இழுக்கும். பாவிக்காத நேரம் நிறுத்தி வைப்பது உண்மையிலேயே பயன் தந்தது.

பிறகு ஏன் போனது? 2012இல் விண்டோஸ் 8 விமான முறையைத் தனக்குள்ளேயே கொண்டுவந்தது. 2013 ஒக்டோபர் 31 அன்று அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம், விமான முறையில் இருக்கும் சாதனங்களைப் பயணம் முழுவதும் பாவிக்க விமான நிறுவனங்களுக்கு வழிவிட்டது. மெசின்களும் மெலிந்துகொண்டே வந்தன. விளிம்பில் ஒரு துளை, உள்ளே ஒரு பாகம், அது பழுதானால் வரும் முறைப்பாடுகள் எல்லாம் தயாரிப்பாளருக்குச் செலவு. நகர்த்தும் சுவிட்சுக்கு இன்னொரு குறையும் உண்டு. அதற்கென்று ஒரு நிலை இருக்கிறது, மென்பொருளுக்கு வேறொரு நிலை இருக்கிறது. சுவிட்ச் ஓனில் நிற்கும், திரையில் வைஃபை ஓஃப் என்று இருக்கும், பாவிக்கிறவர் குழம்புவார். 2013இல் வந்த எக்ஸ்240இல் சுவிட்சை எடுத்துவிட்டு எஃப்8 பட்டனை மட்டும் விட்டார்கள். குழப்பம் குறைந்தது உண்மை. ஆனால் மென்பொருளைக் கேட்காமல் விரலால் நிறுத்தும் வசதியும் அதோடு போய்விட்டது. எங்கள் கணக்கில் அது நட்டம்தான்.

உள்ளே என்ன நடக்கிறது

எக்ஸ்230இன் வைஃபை கார்ட் மினி பிசிஐ எக்ஸ்பிரஸ் துளையில் இருக்கிறது. அந்தத் துளையில் 52 பின்கள், அதாவது சின்ன உலோகத் தொடுகைகள். அதில் 20ஆவது பின் ரேடியோவை நிறுத்துவதற்கென்றே ஒதுக்கப்பட்டது. அந்தப் பின்னில் மின்னழுத்தம் இருந்தால் கார்ட் வேலை செய்யும். பூச்சியத்துக்கு இறங்கினால் கார்ட் அலை அனுப்புவதையும் வாங்குவதையும் நிறுத்திவிடும். பின்னை எதோடும் தொடுக்காமல் விட்டாலும் கார்ட் வேலை செய்யும், ஏனென்றால் கார்டுக்குள்ளேயே அதை மேலே இழுத்துப் பிடிக்கும் மின்தடை இருக்கிறது. இந்த விசயம் பின்னால் திருத்த வேலையில் உதவும்.

இங்கே ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். இந்தச் சுவிட்ச் கார்டுக்குப் போகும் மின்சாரத்தை வெட்டுவதில்லை. நிறுத்து என்று ஒரு சைகை கொடுக்கிறது, கார்ட் அதற்குக் கீழ்ப்படிகிறது. அதனால்தான் சுவிட்சை ஓஃப் பண்ணின பிறகும் விண்டோஸின் பாகப் பட்டியலான டிவைஸ் மனேஜரில் வைஃபை கார்டின் பெயர் அப்படியே தெரியும். புளூடூத் அப்படியல்ல; அது தனிச் சின்ன அட்டை, உள்ளே யூஎஸ்பி வழியாக இணைந்தது. சுவிட்ச் ஓஃப் ஆனவுடன் அது பட்டியலில் இருந்தே மறைந்துவிடும். புளூடூத் டிரைவர் அழிந்துவிட்டது என்று நினைத்துப் புதிது தேடிப் போடுகிறவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

சுவிட்சைத் தவிர, எஃப்என் பட்டனோடு எஃப்5 அழுத்தினாலும் வைஃபையை நிறுத்தலாம். விண்டோஸ் செட்டிங்கிலும் நிறுத்தலாம். வீட்டு மெயின் சுவிட்சுக்கும் அறை சுவிட்சுக்கும் உள்ள உறவுதான் இவற்றுக்கும். மெயின் ஓஃப் என்றால் அறையில் எதைத் தட்டியும் பலனில்லை. மெயின் ஓன் என்றாலும் அறை சுவிட்சும் ஓனில் இருக்க வேண்டும்.

எது தடுத்து வைத்திருக்கிறது என்பதை மெசினிடமே கேட்கலாம். விண்டோஸில் கமாண்ட் புரொம்ப்டைத் திறந்து நெட்எஸ்எச் (netsh wlan show interfaces) கட்டளையால் வயர்லெஸ் இன்டர்ஃபேஸ் விபரத்தை எடுத்தால் ரேடியோ நிலை என்று இரண்டு வரி வரும். “ஹார்ட்வேர் ஓஃப்” என்றால் விளிம்புச் சுவிட்ச். “சொஃப்ட்வேர் ஓஃப்” என்றால் செட்டிங் அல்லது எஃப்5. லினக்ஸில் ஆர்எஃப்கில் (rfkill list) கட்டளையின் பட்டியல் இதையே ஹார்ட் புளொக், சொஃப்ட் புளொக் என்று பிரித்துச் சொல்லும். இந்த இரண்டு வரிகளைப் பார்க்கத் தெரிந்தால் பாதித் திருத்த வேலை முடிந்தது.

சுவிட்ச் எதைத் தொடாது

ஈதர்நெட் கேபிள் செருகியிருந்தால் அது தொடர்ந்து வேலை செய்யும். யூஎஸ்பியில் செருகும் டொங்கிள், யூஎஸ்பி வைஃபை குச்சி, போனைக் கேபிளால் இணைத்து எடுக்கும் இணையம் எதையும் இந்தச் சுவிட்ச் நிறுத்தாது. கமராவையும் மைக்கையும்கூட நிறுத்தாது. வைரஸ் பிடித்த மெசினை வெளித் தொடர்பில்லாமல் வைத்துத் துப்புரவு செய்ய வேண்டுமென்றால் சுவிட்சைத் தள்ளுவதோடு கேபிளையும் டொங்கிளையும் கழற்ற வேண்டும். வங்கியில் இருந்து கதைக்கிறோம் என்று போனில் ஏமாற்றி, தூரத்திலிருந்து லப்டொப்பைத் தங்கள் கையில் எடுத்துக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். அப்படி ஒன்று நடக்கிறது என்று சந்தேகம் வந்தவுடன், வைஃபையில் இருக்கிற மெசின் என்றால், அந்தச் சுவிட்சைத் தள்ளுங்கள். திரை உறைந்து நின்றாலும், மவுஸ் உங்கள் சொல் கேட்காவிட்டாலும் அது வேலை செய்யும். இதற்காகவே இந்தச் சுவிட்சை நாங்கள் மதிக்கிறோம்.

அன்றாடப் பயன் வேறு விதம். வீட்டு 4ஜி ரவுட்டர்களின் பக்கேஜில் பகல் டேட்டா ஒரு கணக்கு, இரவு டேட்டா இன்னொரு கணக்கு என்று பிரித்துக் கொடுப்பது நமக்குப் பழகியது. போன் ஹொட்ஸ்பொட்டை ஒரு தடவை இணைத்துவிட்டால் விண்டோஸ் அதை ஞாபகம் வைத்திருந்து, மெசினைத் திறந்தவுடன் பேசாமல் இணைந்து, அப்டேட்டை இறக்கத் தொடங்கிவிடும். பகலில் ஒப்படை தட்டச்சுப் பண்ணும் பிள்ளைக்கு இணையமே தேவையில்லை. சுவிட்சை ஓஃபில் வைத்துத் தட்டச்சு, தேவையான நேரம் மட்டும் ஓன். ஹொட்ஸ்பொட்டை அளவிடப்படும் இணைப்பு (metered connection) என்று செட்டிங்கில் குறித்து வைப்பதும் நல்லது, ஆனால் ஒவ்வொரு இணைப்புக்கும் தனித்தனியாகக் குறிக்க வேண்டும்.

கரண்ட் போன நேரத்திலும் பயனுண்டு, பெரிதாக எதிர்பார்க்காவிட்டால். எக்ஸ்230இன் 6 செல் பற்றரி புதிதாக இருந்தபோது 63 வாட்-மணி. பாவித்த மெசினில் 60 வீதம் மிஞ்சியிருந்தால் 38 வாட்-மணி அளவு. திரை வெளிச்சத்தைக் குறைத்து, தட்டச்சு மட்டும் என்றால் மெசின் 8, 9 வாட் இழுக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 9 வாட்டுக்கு 4 மணித்தியாலமும் சொச்சமும். வைஃபையை நிறுத்தி ஒரு வாட் மிச்சமானால் ஏறத்தாழ அரை மணித்தியாலம் கூடும். வைஃபை சும்மா இருக்கும்போது ஒரு வாட்டுக்கும் குறைவாகவே எடுப்பதால் உண்மையில் கூடுவது அதைவிடக் குறைவாகவும் இருக்கலாம். திரை வெளிச்சத்தைக் குறைப்பதுதான் இதைவிடப் பெரிய மிச்சம்.

கடையில் நின்று பரிசோதிக்கும் முறை

போனில் ஹொட்ஸ்பொட் போட டேட்டா இருக்க வேண்டும். சின்ன ஈதர்நெட் கேபிள் ஒன்றும் கொண்டுபோனால் நல்லது. மெசினை ஓன் பண்ணும்போதே எஃப்1 அழுத்தி, விண்டோஸுக்கு முன் வரும் பயோஸ் என்ற மெசினின் அடிப்படைச் செட்டிங்குக்குள் போங்கள். அங்கே கடவுச்சொல் கேட்டால், கடைக்காரருக்கு அது தெரியாதென்றால், அந்த மெசினை வைத்துவிட்டு வாருங்கள். திங்க்பேட்டின் சுப்பர்வைசர் கடவுச்சொல்லை சின்ன பற்றரியைக் கழற்றி அழிக்க முடியாது. மதர்போர்ட் சிப் வரைக்கும் போகும் வேலை அது. உள்ளே போக முடிந்தால் செக்கியூரிட்டி பகுதியில் ஐ-ஓ போர்ட் அக்செஸ் என்ற பக்கத்தைத் திறந்து வயர்லெஸ் லான், புளூடூத், கமரா, மைக், யூஎஸ்பி எல்லாம் எனேபிள் என்று இருக்கிறதா பாருங்கள். அலுவலகங்கள் சிலவற்றை இங்கேயே பூட்டி வைப்பது வழக்கம். இங்கே பூட்டியிருந்தால் விளிம்புச் சுவிட்சை எப்படித் தள்ளினாலும் வைஃபை வராது, டிவைஸ் மனேஜரிலும் கார்ட் தெரியாது. கம்ப்யூட்ரேஸ் என்ற வரியையும் பாருங்கள். அது செயலில் இருந்தால் பழைய உரிமையாளரின் கண்காணிப்பு இன்னும் அகற்றப்படவில்லை என்று அர்த்தம். அப்படியான மெசின் வேண்டாம்.

பிறகு விண்டோஸ் ஏறவிட்டு ஹொட்ஸ்பொட்டில் இணையுங்கள். சுவிட்சை ஓஃப் பக்கம் தள்ளினால் வயர்லெஸ் விளக்கு அணைந்து, வைஃபைப் பட்டியல் காலியாக வேண்டும். ஓன் பண்ணினால் சில நொடியில் பட்டியல் நிரம்பித் தானாக இணைய வேண்டும். இதை ஒரு தடவை பார்த்துத் திருப்திப்படாதீர்கள், பத்துத் தடவையாவது செய்யுங்கள். அதன் பின் சுவிட்சை ஓனில் விட்டு, விரல் நுனியால் மெதுவாக மேலும் கீழும் அசையுங்கள். அந்த அசைவுக்கே இணைப்பு விட்டுப்போனால் உள் தொடுகை தேய்ந்தோ துருப்பிடித்தோ இருக்கிறது. தள்ளும்போது “டிக்” என்று ஒரு பிடிப்பு விரலுக்குத் தெரிய வேண்டும். எந்தப் பிடிப்பும் இல்லாமல் வழுக்கிக்கொண்டு போனால் வெளியே தெரியும் பிளாஸ்ரிக் குமிழ் உள்ளே உள்ள நெம்பைப் பிடிக்கவில்லை. யாரோ மெசினைக் கழற்றிப் பூட்டும்போது குமிழைச் சரியான இடத்தில் வைக்காமல் விட்டிருப்பார்கள், இல்லையென்றால் நெம்பு உடைந்திருக்கும்.

கடைசியாக ஈதர்நெட் கேபிளைச் செருகி, சுவிட்ச் ஓஃபில் இருக்கும்போதும் இணையம் வருகிறதா பாருங்கள். வர வேண்டும்.

கடற்காற்றும் மாரியும்

கடலுக்கும் வாவிக்கும் நடுவில் இருக்கிற ஊர் இது. கல்லடி, நாவலடி, மருதமுனை, அக்கரைப்பற்று போன்ற கரையோரங்களில் காற்றில் உப்பும் ஈரமும் சேர்ந்தே வரும். வடகீழ் பருவக்காற்று மழை நாட்களில் ஈரம் இன்னும் கூடும். மூடாமல் திறந்து கிடக்கும் சின்ன நகர்த்தும் சுவிட்சின் உலோகத் தொடுகையில் பச்சையாகவோ கறுப்பாகவோ படலம் பிடிக்கும். மாதக்கணக்கில் ஒரே நிலையில் விட்ட சுவிட்சில்தான் இது கூடுதலாக வரும். அதனால் வாரத்துக்கு ஒரு தடவையாவது ஓன், ஓஃப் பண்ணிவிடுவது நல்லது. உரசல் அந்தப் படலத்தைத் தானாகவே வழித்துவிடும்.

படலம் பிடித்துவிட்டால் சார்ஜரைக் கழற்றி, பற்றரியையும் கழற்றிவிட்டு, எலெக்ட்ரோனிக் தொடுகைகளுக்கென்று விற்கும் கொன்டாக்ட் கிளீனரை அதன் மெல்லிய குழாயால் சுவிட்சின் இடுக்கில் ஒரு சின்னச் சீறல் அடியுங்கள். சுவிட்சை 20, 30 தடவை முன்னும் பின்னும் தள்ளுங்கள். அரை மணித்தியாலம் காயவிட்டு பற்றரியைப் போடுங்கள். கொன்டாக்ட் கிளீனர் கிடைக்காவிட்டால் 99 வீத ஐசோபுரப்பைல் அல்ககோல் சரி. கை கழுவும் சனிட்டைசர் வேண்டாம், அதில் தண்ணீரும் பசையும் உண்டு. தையல் மெசின் எண்ணெய், தேங்காய் எண்ணெய் பக்கமே போக வேண்டாம். இரண்டு நாளைக்கு நன்றாக வழுக்கும். பிறகு தூசியைப் பிடித்து முன்பைவிட மோசமாக்கும். ஊசியால் குத்துவதும் கூடாது.

கிளீனருக்கும் மசியாவிட்டால் மேலே சொன்ன 20ஆவது பின்னுக்குப் போக வேண்டும். பற்றரியைக் கழற்றி, அடியில் கீபோர்ட் படமும் கைவைக்கும் தட்டின் படமும் போட்ட ஸ்குரூக்களை எடுத்து, கீபோர்டையும் தட்டையும் தூக்கினால் வைஃபை கார்ட் தெரியும். அன்டெனா வயர்களை நேர் மேலே இழுத்துக் கழற்றுங்கள். சாய்த்து இழுத்தால் முனை நசிந்துவிடும். அந்த முனைகள் 30 தடவை வரை கழற்றிப் பூட்டத்தான் கணக்கிடப்பட்டவை, ஆகவே விளையாட்டுக்குக் கழற்றக் கூடாது. சாம்பல் வயர் மெயின் (MAIN), கறுப்பு வயர் ஒக்ஸ் (AUX) என்று எந்த இடத்தில் இருந்தது என்பதைப் போனில் படம் எடுத்து வையுங்கள். கார்டின் தொடுகை வரிசையில் ஒரு வெட்டு இருக்கும். வெட்டுக்கு ஒரு பக்கம் 8 தொடுகை, மறுபக்கம் 18. கார்டின் பின்முகத்தில் இரட்டை எண்கள். 18 உள்ள பக்கத்தில் வெட்டில் இருந்து எண்ணினால் முதலாவது 18ஆவது பின், இரண்டாவதுதான் 20. அதை மட்டும் கப்டன் டேப்பில் (சூடு தாங்கும் டேப்) வெட்டிய மெல்லிய துண்டால் மூடுங்கள். தொடுகைகளுக்கிடையில் தூரம் 0.8 மில்லிமீற்றர்தான், கண்ணாடி போட்டுக்கொண்டு, வெளிச்சத்தில் செய்யும் வேலை. பக்கத்து 18ஆவது பின் பூமி இணைப்பு, தவறி மூடினாலும் பெரிய கேடில்லை. அடுத்த 22ஆவது பின்னை மூடிவிட்டால் கார்ட் தெரியாமலே போகலாம். சாதாரண செலோடேப் சூட்டில் பசை விட்டுத் துளைக்குள் ஒட்டிக்கொள்ளும், பாவிக்க வேண்டாம்.

இப்படிச் செய்தால் சுவிட்ச் எந்தப் பக்கம் இருந்தாலும் வைஃபை வேலை செய்யும். ஆனால் விரலால் வைஃபையை நிறுத்தும் வசதி அதோடு முடிந்தது. புளூடூத்தும் பழைய சுவிட்சின் தயவில்தான் இருக்கும். சுவிட்சையே மாற்றித்தரக்கூடிய நல்ல கைகாரர் பக்கத்தில் இருந்தால் அதுவே சிறந்தது. டேப் கடைசி வழி.

வைஃபை கார்டைப் பற்றி

எக்ஸ்230 வேறுவேறு கார்டுகளோடு வந்தது. இன்டெல் 6205 இருந்தால் 2.4, 5 கிகாஹேர்ட்ஸ் இரண்டும் கிடைக்கும். இன்டெல் 2200 என்றால் 2.4 மட்டும். வீட்டில் ஃபைபர் ரவுட்டர் இரண்டு பெயரில் வைஃபை காட்டினால், 2200 உள்ள மெசினில் அதில் ஒன்று மட்டுமே தெரியும். இது சுவிட்ச் கோளாறு அல்ல. வாங்கும்போது டிவைஸ் மனேஜரில் கார்டின் இலக்கத்தைப் பார்த்து, 6205 உள்ளதையே எடுங்கள்.

புதிய வேகமான கார்டை வாங்கிப் போடலாம் என்று நினைத்தால், லெனோவோ பயோஸ் தான் அங்கீகரித்த கார்டுகளை மட்டுமே ஏற்கும். வேறொன்றைப் போட்டால் 1802 என்ற பிழை இலக்கத்தோடு மெசின் நின்றுவிடும். பலர் அப்போது யூஎஸ்பி வைஃபை குச்சிக்குப் போகிறார்கள். வேகம் கிடைக்கும், ஆனால் அது சுவிட்சின் கட்டுப்பாட்டுக்கு வெளியே இருக்கிறது என்பதை மறக்கக் கூடாது. ஃபைபர் உள்ள வீட்டில் வேகம் வேண்டுமென்றால் கேபிளைச் செருகுவதுதான் நேர்வழி; எக்ஸ்230இன் ஈதர்நெட் 1 கிகாபிட்.

மற்றவை சுருக்கமாக. கீபோர்ட் இந்த விலை மெசின்களில் மிக நல்லது. ரெங்கநாதன் முறையில் வேகமாகத் தட்டச்சுப் பண்ணுகிறவர்கள் விரல் நோகாமல் வேலை செய்யலாம். திரை 12.5 அங்குலம், 1366க்கு 768. பக்கத்தில் இருந்து பார்த்து நிறம் மாறினால் டிஎன் பனல், மாறாவிட்டால் ஐபிஎஸ். ஐபிஎஸ் கிடைத்தால் விடாதீர்கள். ரம் 16 ஜிபி வரை போடலாம், 8 போதும். ஹாட்டிஸ்க் இருந்தால் 7 மில்லிமீற்றர் தடிப்புள்ள எஸ்எஸ்டி ஒன்றுக்கு மாற்றுங்கள், மெசின் வேறு மெசினாகிவிடும். பற்றரியில் கவனம் வேண்டும்: அசல் அல்லாத பற்றரிகளை இந்தத் தலைமுறை மெசின் கண்டுபிடித்து சார்ஜ் ஏற்ற மறுக்கும். கடையில் நிற்கும்போதே சார்ஜரைச் செருகி வீதம் ஏறுகிறதா பாருங்கள். விண்டோஸ் 10இன் ஆதரவு 2025 ஒக்டோபர் 14இல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11ஐ இந்த மெசின் முறைப்படி ஏற்காது. லினக்ஸ் மின்ட் போடுங்கள். 6205 கார்ட் அதில் தனி டிரைவர் தேடாமலே வேலை செய்யும், சுவிட்சும் அப்படியே.

எக்ஸ்230 கிடைக்காவிட்டால் அதே காலத்து டெல் லெட்டிடியூட் இ6430ஐப் பாருங்கள். அதன் நகர்த்தும் சுவிட்ச் வலது பக்கத்தில். பயோஸில் வயர்லெஸ் சுவிட்ச் என்ற பக்கத்தில் வைஃபை, புளூடூத், மொடெம் ஒவ்வொன்றையும் இந்தச் சுவிட்ச் கட்டுப்படுத்த வேண்டுமா என்று தனித்தனியாகத் தேர்ந்தெடுக்கலாம். சுவிட்ச் பழுதான டெல்லில் டேப் வெட்டும் வேலையே இல்லை. அந்தப் பக்கத்தில் வைஃபைக்கு உள்ள சரி அடையாளத்தை எடுத்துவிட்டால் போதும். இந்த ஒரு விசயத்தில் டெல் திங்க்பேட்டைவிடப் புத்திசாலித்தனமாகச் செய்யப்பட்டது. கீபோர்டில் திங்க்பேட்தான் முன்னுக்கு. எச்பி எலிட்புக் 8470பி இரண்டிலும் பின்னால் நிற்கிறது: அதில் இருப்பது விளக்கோடு ஒரு பட்டன், நகர்த்தும் சுவிட்ச் அல்ல. செம்மஞ்சள் விளக்கு என்றால் நிறுத்தம். அந்த விளக்கு செம்மஞ்சளிலேயே ஒட்டிக்கொண்டால் பற்றரியையும் சார்ஜரையும் கழற்றி பவர் பட்டனை 30 நொடி அழுத்திப் பிடித்து, பிறகு பயோஸை ஆரம்ப நிலைக்குக் கொண்டுவந்து பார்க்க வேண்டும்.

எந்த மெசினை எடுத்தாலும் பில்லில் மொடல், சீரியல் இலக்கம், வைஃபை கார்டின் இலக்கம், பயோஸ் கடவுச்சொல் இல்லை என்பது, வயர்லெஸ் சுவிட்ச் பரிசோதித்துக் கொடுக்கப்பட்டது என்பது எல்லாவற்றையும் கடைக்காரரைக் கொண்டு எழுதி வாங்குங்கள். வாரண்டி ஒரு மாதம் என்று வாயால் சொன்னால், அதுவும் அந்தப் பில்லிலேயே எழுதப்பட வேண்டும்.